ஸ்டாண்ட்பை லோடு பேலன்சர் ரெடியா இருந்தும் ஃபெயில்ஓவர் ஏன் இழுக்குது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுல பேசப்போற செட்டப் ரொம்ப சாதாரணமானது. ரெண்டு லினக்ஸ் மெஷின், ரெண்டுலயும் ஹெச்ஏப்ராக்ஸி (வர்ற ட்ராஃபிக்க பின்னாடி இருக்கிற சர்வருங்களுக்குப் பிரிச்சு அனுப்புற லோடு பேலன்சர்) ஓடுது, ரெண்டுலயும் கீப்அலைவ்டி (யார் மாஸ்டர்னு பாத்துக்கிற சாஃப்ட்வேர்) இருக்கு, நடுவுல ஒரு விஐபி, அதாவது யார்கிட்ட மாஸ்டர் வேலை இருக்கோ அவங்ககிட்ட உக்காந்திருக்கிற ஐபி. மெஷின் ஏ-க்கு ப்ரியாரிட்டி 101, பி-க்கு 100-ன்னு வச்சுக்குவோம். ஏ செத்தா பி எடுத்துக்கணும், அதுவும் யாருக்கும் தெரியாம எடுத்துக்கணும், அதுக்குப் பேருதான் ஃபெயில்ஓவர். ஆனா நிஜத்துல முப்பது செகண்ட், அஞ்சு நிமிஷம், சில சமயம் கால் மணி நேரம்னு இழுக்குது. ஏன்னு பாப்போம்.

முதல்ல, எத்தனை செகண்ட் ஆனா அது நார்மல்?

டீஃபால்ட் செட்டிங்ல 3.6 செகண்ட். விஆர்ஆர்பில (யார் மாஸ்டர்னு முடிவு பண்ண கீப்அலைவ்டி பேசுற புரோட்டோகால்) மாஸ்டர் செகண்டுக்கு ஒரு தடவை "நான் இருக்கேன்"னு அட்வர்டைஸ்மென்ட் அனுப்பிட்டே இருக்கும், பேக்கப் மெஷின் மூணு இன்டர்வல் சத்தமே இல்லாம போனா அதுக்கு மேல ஸ்க்யூன்னு ஒரு சின்ன டைமும் காத்திருந்து அப்புறம்தான் எடுக்கும். அந்த ஸ்க்யூ எவ்ளோன்னா 256-ல பேக்கப்போட ப்ரியாரிட்டிய கழிச்சு 256-ஆல வகுக்கணும், பி-யோட 100-க்கு 156/256, அதாவது 0.61 செகண்ட். மொத்தம் 3.61. இது கடைசி அட்வர்டைஸ்மென்ட் வந்த நிமிஷத்துல இருந்து எண்ணுறது, அதனால நீங்க பவர் ஒயர புடுங்கின நேரத்துல இருந்து பாத்தா 2.6-ல இருந்து 3.6 வரைக்கும் எங்க வேணா வரும். இந்த அளவுக்குள்ள இருந்தா விஆர்ஆர்பிய குறை சொல்லாதீங்க.

ஆனா நாங்க டெஸ்ட் பண்ணப்போ ஒரு செகண்ட்லயே மாறிச்சே, ப்ரொடக்‌ஷன்ல மட்டும் ஏன் லேட்?

எப்படி டெஸ்ட் பண்ணீங்க? கீப்அலைவ்டி சர்வீஸ சிஸ்டம்சிடிஎல்ல ஸ்டாப் பண்ணிருப்பீங்க. 90 சதம் பேரு இதத்தான் பண்றாங்கன்னு சத்தியம் பண்ணலாம் போல இருக்கு. ஒழுங்கா ஸ்டாப் பண்ணா அது போறதுக்கு முன்னாடி ப்ரியாரிட்டி 0-ன்னு ஒரு அட்வர்டைஸ்மென்ட் அனுப்பிட்டுத்தான் போகும், அத பாத்த பி மூணு செகண்ட் எல்லாம் காத்திருக்காது, ஸ்க்யூ டைம் மட்டும் பாத்துட்டு எடுத்துக்கும். அதான் ஒரு செகண்டுக்குள்ள மாறுது. பவர் போற மெஷின் சொல்லிட்டுப் போகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால நாலு விதமா சாகடிச்சுப் பாக்கணும். சர்வீஸ ஸ்டாப் பண்றது ஒண்ணு, ஹெச்ஏப்ராக்ஸிய மட்டும் கொல்றது ஒண்ணு, நெட்வொர்க் கேபிள புடுங்குறது ஒண்ணு, பவர ஆஃப் பண்றது ஒண்ணு. நாலுக்கும் நாலு விதமான நேரம் வரும், அந்த வித்தியாசத்துலயே பாதி பதில் கிடைச்சுடும்.

இன்னொன்னு, கீப்அலைவ்டிய கில் மைனஸ் 9 போட்டு கொன்னு "டெஸ்ட் பண்ணேன்"னு சொல்லாதீங்க. அப்படிக் கொன்னா விஐபி ஏ-யோட இன்டர்ஃபேஸ்லயே ஒட்டிட்டு இருக்கும், எடுத்துவிட ஆளில்ல, அங்கிட்டு பி-யும் அதே விஐபிய போட்டுக்கும், ரெண்டு பேரும் ஏஆர்பிக்கு (இந்த ஐபி எந்த மேக் அட்ரஸ்ல, அதாவது எந்த நெட்வொர்க் கார்டுல இருக்குன்னு கேக்கிற கேள்வி) பதில் சொல்லுவாங்க. அது ஃபெயில்ஓவர் இல்ல, குழாயடிச் சண்டை.

எங்களுக்கு முப்பது செகண்டுக்கு மேல ஆகுது. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

கான்ஃபிக் ஃபைல தொடாதீங்க, அதான் முதல் வேலை. எல்லாரும் உடனே அட்வர்ட் இன்டர்வல கம்மி பண்றாங்க, 3.6 செகண்ட 1 செகண்ட் ஆக்கிட்டு மிச்சம் இருக்கிற 27 செகண்ட அப்படியே விட்டுடுறாங்க. நேரம் எங்க போகுதுன்னு மொதல்ல அளங்க.

பி மெஷின்ல டிசிபிடம்ப் (நெட்வொர்க்ல போற பாக்கெட்ட பதிவு பண்ற டூல்) ஓட விடுங்க, ஃபில்டர்ல ஐபி புரோட்டோகால் 112-யும் (அதான் விஆர்ஆர்பி) ஏஆர்பியும் போதும். வெளியில வேற ஒரு மெஷின்ல இருந்து விஐபிக்கு செகண்டுக்கு பத்து தடவை புது கனெக்‌ஷன் போட்டு ஒரு சின்ன பக்கத்த எடுக்கிற லூப் ஓட விடுங்க, ஒவ்வொண்ணுக்கும் டைம் பிரிண்ட் ஆகணும். அதே லூப் இன்னொன்னு, எல்பி (லோடு பேலன்சர்) இருக்கிற அதே சப்நெட்ல இருக்கிற மெஷின்லயும் ஓடணும். இப்ப ஏ-யோட பவர புடுங்குங்க.

கேப்ச்சர் இந்த மாதிரி வருதுன்னு வைங்க. 10:15:02.1-க்கு ஏ-யோட கடைசி அட்வர்டைஸ்மென்ட். 10:15:05.7-க்கு பி-யோட முதல் அட்வர்டைஸ்மென்ட், அதே நேரத்துல கிராச்சுவிட்டஸ் ஏஆர்பி (விஐபி இனிமே என்கிட்டன்னு பி தானா சொல்றது) அஞ்சு. அதே சப்நெட்ல இருந்த லூப் 10:15:06-க்கு ஓட ஆரம்பிச்சிடுச்சு. வெளியில இருந்த லூப் 10:15:38 வரைக்கும் ஒண்ணும் இல்ல. இத பாத்தா என்ன தெரியுது? விஆர்ஆர்பி அது வேலைய 3.6 செகண்ட்ல முடிச்சிடுச்சு, பி ரெடி, ஹெச்ஏப்ராக்ஸியும் ரெடி, நடுவுல இருக்கிற ரவுட்டரோ ஃபயர்வாலோதான் இன்னும் ஏ-யோட மேக் அட்ரஸ் கிட்ட பாக்கெட்ட கொண்டுபோய் கொட்டிட்டு இருக்கு. இந்த ஒரு கேப்ச்சர் இல்லாம நாள் பூரா மீட்டிங் போடலாம், ஒண்ணும் நகராது.

பிங் வச்சு அளக்காதீங்க. விஐபி மாறின உடனே கெர்னலே பிங்குக்கு பதில் சொல்லிடும், ஹெச்ஏப்ராக்ஸி உயிரோட இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது.

எத்தனை செகண்ட் ஆச்சுங்கறத வச்சே காரணத்த சொல்ல முடியுமா?

நிறைய தடவை முடியும், ஏன்னா டீஃபால்ட் டைமர் எல்லாம் ஊருக்கே ஒண்ணுதான். 3-ல இருந்து 4 செகண்ட்னா விஆர்ஆர்பி. கேப்ச்சர்ல 3.6-ன்னு காட்டுது ஆனா யூசர் 7 செகண்ட்ங்கறாருன்னா அது டிசிபியோட சின் (கனெக்ட் பண்ணக் கேட்டு அனுப்புற முதல் பாக்கெட்) ரீட்ரை: முதல் சின் போச்சுன்னா 1-வது செகண்ட், 3-வது, 7-வதுன்னு இரட்டிச்சு இரட்டிச்சுப் போகும், 3.6-க்கு எல்பி எழுந்தாலும் கிளையன்ட் 7-வது செகண்ட்லதான் மறுபடி கதவத் தட்டும். லினக்ஸ் 6.5 கெர்னல்ல இருந்து முதல் சில ரீட்ரைய செகண்டுக்கு ஒண்ணா மாத்திட்டாங்க, அதனால பழைய கிளையன்டும் புது கிளையன்டும் வேற வேற நம்பர் சொல்லும், குழம்பிடாதீங்க.

30 செகண்ட் டாண்ணு வந்தா ஸ்விட்ச் போர்ட்டோட ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்ல பாக்கெட் சுத்திச் சுத்தி வராம பாத்துக்கிற ஏற்பாடு), போர்ட்ட திறக்கிறதுக்கு முன்னாடி லிசனிங் 15 லேர்னிங் 15. 50 ஆச்சுன்னா அதோட மேக்ஸ் ஏஜ் 20-யும் சேந்துக்கிச்சு. ஒவ்வொரு தடவையும் மாறி மாறி 20-க்கும் 55-க்கும் நடுவுல எங்கயோ வந்தா பக்கத்துல இருக்கிற லினக்ஸ் மெஷினோட நெய்பர் டேபிள், அதாவது எந்த ஐபிக்கு எந்த மேக்னு அது வச்சிருக்கிற பட்டியல் (ஒரு என்ட்ரி 15-ல இருந்து 45 செகண்ட் வரைக்கும் நம்பகமானதுன்னு இருக்கும், அப்புறம் 5 செகண்ட் யோசிக்கும், அப்புறம் செகண்டுக்கு ஒண்ணா மூணு தடவை பழைய மேக்குக்கே கேட்டுப் பாத்துட்டுத்தான் கைவிடும்). 90 செகண்ட்னா பாண்டிங்ல (ரெண்டு மூணு கேபிள ஒண்ணாக் கட்டுறது) அத பாத்துக்கிற எல்ஏசிபி ஸ்லோ மோட்ல கிடக்குது, மூணு முப்பது. 5 நிமிஷம்னா ஸ்விட்சோட மேக் டேபிள், ஏஜிங் 300 செகண்ட்.

15 நிமிஷத்துக்கு கொஞ்சம் மேலன்னா அத பத்தி கீழ தனியா சொல்றேன். "மத்தியானம் வரைக்கும் வேலை செய்யல, அப்புறம் தானா சரியாச்சு"ன்னா சிஸ்கோ ரவுட்டரோட ஏஆர்பி, டீஃபால்ட் 4 மணி நேரம்.

கிராச்சுவிட்டஸ் ஏஆர்பி போகுது, ஆனாலும் ரவுட்டர் கேக்க மாட்டேங்குதே?

கிராச்சுவிட்டஸ் ஏஆர்பின்னா வீடு மாறினவன் தெருவுல நின்னு "இனிமே லெட்டர் எல்லாம் இங்க போடுங்க"ன்னு கத்துற மாதிரி. யாரும் கேக்கல, இவனா சொல்றான். அதனாலயே செக்யூரிட்டிக்காக அத கண்டுக்காம விடுற பெட்டிங்க நிறைய இருக்கு, ஃபயர்வால்ல இது சகஜம். அந்தப் பெட்டில கிராச்சுவிட்டஸ் ஏஆர்பிய ஏத்துக்கோன்னு ஒரு செட்டிங் இருக்கும், அந்த இன்டர்ஃபேஸ்ல மட்டும் ஆன் பண்ணச் சொல்லுங்க. ஸ்விட்ச்ல டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷன் ஓடுதான்னும் பாருங்க, அது இருந்தா விஐபிக்கும் பி-யோட மேக்குக்கும் சம்பந்தம் இல்லன்னு அந்த பாக்கெட்ட நடுவுலயே முழுங்கிடும்.

கீப்அலைவ்டி பக்கத்துல என்ன பண்ணலாம்னா, மாஸ்டர் ஆன உடனே அஞ்சு ஏஆர்பி அனுப்பும், அப்புறம் 5 செகண்ட் கழிச்சு இன்னொரு செட் அனுப்பும், அதோட நிறுத்திடும். கார்ப் மாஸ்டர் ரிஃப்ரெஷ்ங்கற செட்டிங்குக்கு 30 இல்ல 60 குடுத்தீங்கன்னா அந்த இடைவெளில திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருக்கும். முதல் ஏஆர்பி தொலைஞ்சு போற நெட்வொர்க்ல இது காப்பாத்தும். பெட்டி ஏஆர்பியவே மதிக்காதுன்னா ஆயிரம் அனுப்பினாலும் ஒண்ணும் ஆகாது.

அப்படி ஆனா வர்ச்சுவல் மேக் வழிக்குப் போகணும். விஆர்ஆர்பி ஸ்டாண்டர்ட்ல விஐபிக்குன்னு தனி மேக் அட்ரஸ் இருக்கு, அதோட கடைசி பைட் விஆர்ஐடி (அந்த விஆர்ஆர்பி குரூப்போட) நம்பர். கீப்அலைவ்டி டீஃபால்ட்டா அத யூஸ் பண்ணாது, கார்டோட சொந்த மேக்கத்தான் யூஸ் பண்ணும், அதான் மாறும்போது எல்லாருக்கும் சொல்ல வேண்டியிருக்கு. யூஸ் விமேக் ஆன் பண்ணா மேக் மாறவே மாறாது, ரவுட்டரோட ஏஆர்பி டேபிள் அப்படியே இருக்கலாம், ஸ்விட்ச் மட்டும் எந்த போர்ட்டுன்னு கத்துக்கிட்டா போதும், அது ஒரு ஃப்ரேம் வந்தாலே கத்துக்கும். விஎம்வேர்ல ஓடுதுன்னா ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ அலவ் பண்ணணும், இல்லன்னா அந்த மேக்ல இருந்து கிளம்புற ஃப்ரேம வர்ச்சுவல் ஸ்விட்ச் தூக்கிப் போட்டுடும்.

ஹெச்ஏப்ராக்ஸி மட்டும் செத்தா மாறவே மாட்டேங்குது. ஸ்க்ரிப்ட் எல்லாம் போட்டிருக்கேன்.

ப்ரியாரிட்டி கணக்கப் பாருங்க. ஏ-க்கு 150, பி-க்கு 100, ஹெச்ஏப்ராக்ஸிய செக் பண்ற ஸ்க்ரிப்டோட வெயிட் (செக் ஃபெயில் ஆனா ப்ரியாரிட்டில கழியுற எண்) மைனஸ் 20-ன்னு வச்சிருப்பீங்க. ஹெச்ஏப்ராக்ஸி செத்தா 150 வந்து 130 ஆகும், 130 இன்னும் 100-ஐ விடப் பெருசு, ஏ ஜம்முனு மாஸ்டராவே உக்காந்திருக்கும். பாதிப் பேரு காப்பி பண்ணி ஒட்டின கான்ஃபிக்ல இது இருக்கு.

கணக்கு சரியா இருந்தாலும் இன்னொரு பொறி இருக்கு. நோ ப்ரீஎம்ப்ட் போட்டுட்டு மைனஸ் வெயிட்டும் போட்டீங்கன்னா, ஏ 99-க்கு இறங்கினாலும் பி அத பாத்துட்டு "மாஸ்டர் உயிரோடதானே இருக்காரு, நான் ஏன் புடுங்கணும்"னு சும்மா இருக்கும். நோ ப்ரீஎம்ப்ட்னா அர்த்தமே அதுதான்.

என் அபிப்ராயம், வெயிட்டே குடுக்காம விடுங்க. வெயிட் 0-ன்னா ஸ்க்ரிப்ட் ஃபெயில் ஆன உடனே ஏ நேரா ஃபால்ட் ஸ்டேட்டுக்குப் போகும், போகும்போது அந்த ப்ரியாரிட்டி 0 மெசேஜயும் அனுப்பிட்டுப் போகும், பி ஒரு செகண்டுக்குள்ள எடுக்கும். கணக்கும் இல்ல, மூணு இன்டர்வல் காத்திருப்பும் இல்ல.

ஸ்க்ரிப்ட் எவ்ளோ நேரத்துல ஃபெயில்னு முடிவு பண்ணுதுங்கறதும் கூட சேரும். இன்டர்வல் 2, ஃபால் 3-ன்னா கண்டுபிடிக்கவே 6 செகண்ட் வரைக்கும் ஆகும். உள்ள கர்ல் கூப்பிடுறீங்க, அதுக்கு டைம்அவுட் குடுக்கல, ஹெச்ஏப்ராக்ஸி சாகாம தொங்கிட்டு நிக்குதுன்னா ஸ்க்ரிப்டும் சேந்து தொங்கும். லோக்கல்ல ஹெச்ஏப்ராக்ஸியோட மானிட்டர் யுஆர்ஐ-ய ஒரு செகண்ட் டைம்அவுட்டோட கேட்டா போதும். ப்ராசஸ் இருக்கான்னு மட்டும் பாக்கிற செக் தொங்கிட்டு நிக்கிற ப்ராசஸ கண்டுபிடிக்காது.

ஆனா ஒண்ணு, அந்த ஸ்க்ரிப்ட்ல பின்னாடி இருக்கிற ஆப் சர்வர செக் பண்ணாதீங்க. ஆப் சர்வர் விழுந்தா ஏ-யும் ஃபால்ட், பி-யும் ஃபால்ட், விஐபி யார்கிட்டயும் இல்ல, வெறும் 503 வந்திருக்க வேண்டிய இடத்துல மொத்த சைட்டும் காணாமப் போயிடும்.

பி மாஸ்டர் ஆயிடுச்சு, ஆனா ஹெச்ஏப்ராக்ஸி எழுந்திருக்க நேரம் ஆகுது.

பேக்கப்ல ஹெச்ஏப்ராக்ஸிய நிறுத்தி வச்சுட்டு, மாஸ்டர் ஆகும்போது நோட்டிஃபை ஸ்க்ரிப்ட்ல ஸ்டார்ட் பண்றீங்க போல. தன்கிட்ட இல்லாத ஐபில பைண்ட் ஆக முடியாதுன்னு எர்ரர் வந்ததால அப்படிச் செஞ்சிருப்பீங்க. ஐபி நான்லோக்கல் பைண்ட்னு சிஸ்கன்ட்ரோல்ல ஒண்ணு இருக்கு, அத 1 ஆக்குங்க, ரெண்டு மெஷின்லயும் ஹெச்ஏப்ராக்ஸி எப்பவும் ஓடட்டும்.

போகும்போது 4 செகண்ட்தான், ஏ திரும்பி வரும்போதுதான் அரை நிமிஷம் அடி வாங்குது. இது என்ன கொடுமை?

இது ரொம்பப் பேருக்கு நடக்குது, யாரும் திரும்பி வர்றத டெஸ்ட் பண்றதே இல்ல. ஏ பூட் ஆகி வருது, ஸ்விட்ச் போர்ட் அப் ஆகுது, ஆனா போர்ட்ஃபாஸ்ட் இல்லன்னா ஸ்பேனிங் ட்ரீ முப்பது செகண்ட் அந்த போர்ட்ட திறக்காது. மெஷினுக்கு லிங்க் லைட் எரியுது, அதனால எல்லாம் சரின்னு நினைச்சுக்குது. கீப்அலைவ்டி காதுல பி-யோட அட்வர்டைஸ்மென்ட் விழல, "ஊர்ல யாருமே இல்ல போல"ன்னு தானே மாஸ்டர் ஆயிடுது, கிராச்சுவிட்டஸ் ஏஆர்பி அஞ்சையும் மூடின போர்ட்ல கொட்டுது, 5 செகண்ட் கழிச்சு அனுப்புற ரெண்டாவது செட்டும் அதே கதிதான். அப்புறம் போர்ட் திறக்குது, பி ஏ-யோட பெரிய ப்ரியாரிட்டிய பாத்துட்டு மரியாதையா விலகிடுது. இப்ப விஐபி ஏ-கிட்ட இருக்கு, ஆனா ரவுட்டருக்கு யாரும் சொல்லல, அது இன்னும் பி-யோட மேக்குக்கே அனுப்பிட்டு இருக்கு.

சர்வர் போர்ட்ல போர்ட்ஃபாஸ்ட் போடுங்க, போர்ட் டிரங்க்னா டிரங்குக்குன்னு தனியா சொல்லணும், சாதாரண போர்ட்ஃபாஸ்ட் அதுல வேலை செய்யாது. கீப்அலைவ்டில ஸ்டார்ட்அப் டிலே குடுங்க. அதுக்கும் மேல, ஏ திரும்பி வந்தா விஐபி திரும்பி ஏ-கிட்ட போயே ஆகணுமான்னு யோசிங்க. ரெண்டும் ஒரே மாதிரி மெஷின்னா எதுக்கு? ரெண்டு பக்கமும் ஸ்டேட் பேக்கப்னு எழுதி நோ ப்ரீஎம்ப்ட் போட்டுட்டா ஒரு விபத்துக்கு ஒரு தடவைதான் மாறும், ரெண்டு தடவை இல்ல. ஏ-கிட்டதான் இருக்கணும்னு அடம் இருந்தா ப்ரீஎம்ப்ட் டிலே ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க.

புது யூசர் எல்லாம் ஓகே, ஆனா ஆப் சர்வர்ல இருந்து எல்பி வழியா டேட்டாபேஸுக்குப் போற கனெக்‌ஷன் கால் மணி நேரம் தொங்குது.

மேல தனியா சொல்றேன்னு சொன்னது இதுதான். ஹெச்ஏப்ராக்ஸி டிசிபி கனெக்‌ஷன ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்குத் தூக்கிக் குடுக்காது, ஸ்டிக் டேபிள (எந்த யூசர் எந்த சர்வருக்குங்கற மாதிரி குறிப்பு வச்சிருக்கிற பட்டியல்) மட்டும்தான் பியர்ஸ் வழியா பகிர முடியும். ஏ செத்தா அதுல இருந்த கனெக்‌ஷன் எல்லாம் செத்துச்சு. ஆனா அது செத்தது ஆப் சர்வருக்குத் தெரியணுமே.

நல்ல நேரம்னா ஆப் சர்வர் ஏதாவது அனுப்பும், அது பி-கிட்ட போகும், பி "இந்த கனெக்‌ஷன் எனக்குத் தெரியாதே"ன்னு ரீசெட் அனுப்பும், ஆப் உடனே புதுசா கனெக்ட் பண்ணிக்கும். கெட்ட நேரம்னா நடுவுல ஒரு ஃபயர்வால், இல்லன்னா பி-லயே இன்வாலிட் பாக்கெட்ட டிராப் பண்ற ஐபிடேபிள்ஸ் ரூல், ரீசெட் போகவே போகாது. அப்ப ஆப் சர்வரோட கெர்னல் அதே பாக்கெட்ட திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருக்கும், டிசிபி ரீட்ரைஸ்2 டீஃபால்ட் 15, இடைவெளிய கூட்டினா 924 செகண்ட், அதாவது பதினஞ்சரை நிமிஷம். ஆப் எதுவும் அனுப்பாம பதிலுக்கு மட்டும் காத்துட்டு இருந்தா இன்னும் மோசம், கீப்அலைவ் ஆன் பண்ணியிருந்தாலே 7200 செகண்ட் கழிச்சுத்தான் முதல் ப்ரோப், அப்புறம் 75 செகண்டுக்கு ஒண்ணா ஒம்பது, மொத்தம் 2 மணி 11 நிமிஷம். கீப்அலைவ் ஆஃப்ல இருந்தா முடிவே கிடையாது.

இத எல்பில முழுசா சரி பண்ண முடியாது, முக்கியமா கிளையன்ட்லதான் பண்ணணும். டேட்டாபேஸ் ட்ரைவர்ல டிசிபி யூசர் டைம்அவுட்டோ சாக்கெட் டைம்அவுட்டோ இருக்கும், 20-30 செகண்ட் குடுங்க. கனெக்‌ஷன் பூல்ல எடுக்கும்போது செக் பண்ணிக் குடுக்கிற ஆப்ஷன ஆன் பண்ணுங்க. பி-ல அந்த டிராப் ரூல விஐபிக்கு வர்ற ட்ராஃபிக்குக்கு மட்டும் ரிஜெக்ட் வித் ரீசெட்னு மாத்துங்க, இது ஒண்ணே பாதி வலிய எடுத்துடும்.

எல்விஎஸ் (லினக்ஸ் கெர்னல்லயே இருக்கிற லோடு பேலன்சர்) யூஸ் பண்றவங்களுக்கு கொடுப்பினை உண்டு, ஐபிவிஎஸ் சிங்க் டீமன் ஓட விட்டா கனெக்‌ஷன் டேபிள் பி-க்கும் போயிட்டே இருக்கும், பழைய கனெக்‌ஷனும் பிழைக்கும்.

சில பேருக்கு வேலை செய்யுது, சில பேருக்கு இல்ல. ரெஃப்ரெஷ் பண்ணா வருது, மறுபடி போகுது.

அது லேட் ஃபெயில்ஓவர் இல்ல, ரெண்டு மாஸ்டர். ரெண்டு மெஷின்லயும் ஐபி அட்ரஸ் பாருங்க, ரெண்டுலயும் விஐபி இருக்கும். விஆர்ஆர்பி டிசிபியும் இல்ல யுடிபியும் இல்ல, தனி புரோட்டோகால் 112, 224.0.0.18-க்கு மல்டிகாஸ்ட்ல போகும், லோக்கல் ஃபயர்வால்ல போர்ட் மட்டும் திறந்து விட்டவங்க இத மறந்துடுவாங்க. ஒரு பக்கம் விஆர்ஆர்பி வெர்ஷன் 2 இன்னொரு பக்கம் வெர்ஷன் 3-ன்னாலும் இதே கதை. அதே விலேன்ல வேற டீம் அதே விஆர்ஐடி நம்பர வச்சிருந்தாலும் வினைதான், டுடோரியல்ல இருக்கிற 51-ஐ எல்லாரும் அப்படியே வச்சா வேற என்ன ஆகும்.

வெளிப்பக்க கேபிள மட்டும் புடுங்கினா வெளி விஐபி மாறுது, உள் விஐபி ஏ-லயே இருக்கு.

ரெண்டையும் கீப்அலைவ்டில ஒரே சிங்க் குரூப்ல போடுங்க, ஒண்ணு மாறினா மத்ததும் சேந்து மாறும்.

அட்வர்ட் இன்டர்வல கம்மி பண்ணவே கூடாதா?

பண்ணலாம், மத்ததெல்லாம் சரி பண்ணினப்புறம். வெர்ஷன் 2-ல முழு செகண்ட்தான், அதுக்குக் கீழ போக வெர்ஷன் 3 வேணும், அதுல சென்டிசெகண்ட் கணக்கு. 100 மில்லிசெகண்ட் வச்சா பி 361 மில்லிசெகண்ட்ல எடுத்துக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா விஎம்ல ஓடுதுன்னா ஒரு ஸ்னாப்ஷாட், ஒரு லைவ் மைக்ரேஷன், மெஷின் அரை செகண்ட் உறைஞ்சு போகும், பி உடனே புடுங்கிக்கும், ஏ முழிச்சுட்டு திரும்பப் புடுங்கும், ராத்திரி பேக்கப் ஜாப் ஓடுற நேரமெல்லாம் இந்தக் கூத்துதான். நேரடி மெஷின்னா 300 மில்லிசெகண்ட் வரைக்கும் போங்க. விஎம்ல 1 செகண்ட விட்டு இறங்காதீங்க.

ஏடபிள்யூஎஸ்ல இதே செட்டப் போட்டேன், மாறவே இல்ல.

விபிசில (ஏடபிள்யூஎஸ் உங்களுக்குக் குடுக்கிற தனி நெட்வொர்க்) மல்டிகாஸ்ட் சும்மா போகாது, கிராச்சுவிட்டஸ் ஏஆர்பிய அந்த நெட்வொர்க் மதிக்கவும் மாட்டேங்கும். கீப்அலைவ்டில யூனிகாஸ்ட் பியர்னு மாத்தி, மாஸ்டர் ஆகும்போது நோட்டிஃபை ஸ்க்ரிப்ட்ல ஏபிஐ கூப்பிட்டு செகண்டரி ஐபிய பி-யோட இன்டர்ஃபேஸுக்கு மாத்தணும். அந்த ஏபிஐ கால் எடுத்துக்கிற நேரமும் கணக்குல சேரும், அது உங்க கைல இல்ல. நேர்மையா சொல்லணும்னா அங்க அவங்க குடுக்கிற லோடு பேலன்சரையே எடுத்துக்கறது நல்லது.

நெட்வொர்க் டீம் "எங்க பக்கம் ஒண்ணும் இல்ல"ங்கறாங்க. என்ன குடுத்தா ஒத்துக்குவாங்க?

பி-ல எடுத்த அந்த கேப்ச்சர் ஃபைல், ரெண்டு லூப்போட அவுட்புட், ரெண்டு மெஷினோட மேக் அட்ரஸ், போர்ட் நம்பர். ரெண்டு மெஷினும் ரவுட்டரும் முன்னாடியே என்டிபில (கடிகாரத்த ஒத்துப்போக வைக்கிற புரோட்டோகால்) சிங்க் ஆகியிருக்கணும், இல்லன்னா டைம் ஒத்துப்போகாம அதுலயே சண்டை வரும். அடுத்த டெஸ்டப்போ அவங்க ஆள் ஒருத்தர ரவுட்டர்ல உக்கார வச்சு, பவர் புடுங்கின 10-வது செகண்ட்ல விஐபிக்கான ஏஆர்பி என்ட்ரிய காட்டச் சொல்லுங்க. அதுல ஏ-யோட மேக் இருந்தா அவங்க பக்கம், பி-யோட மேக் இருந்தும் பாக்கெட் வரலன்னா ஸ்விட்சோட மேக் டேபிள், அதுவும் சரியா இருந்து பாக்கெட் பி-க்கு வந்து சேந்தும் பதில் போகலன்னா திரும்பி நம்ம மெஷின்லதான் தேடணும்.